மிதந்த துளி

செல்லதுரையின் விரல் நுனியிலிருந்து எடுத்த ரத்தத் துளி, பாட்டிலில் இருந்த நீலத் தண்ணீருக்குள் கொஞ்சம் இறங்கி, மறுபடி மேலே வந்து நின்றது. டாக்டர் ரிஃப்கா வேறொரு விரலில் குத்தி இன்னொரு துளி விட்டாள். அதுவும் மிதந்தது.

"மிதக்குதுங்களே," என்றான் செல்லதுரை.

"மயில்துத்தத் தண்ணி இது. ரத்தத்துல சத்து இருந்தா துளி நேரா அடிக்குப் போயிடும்."

"புரியுதுங்க. வெதநெல்ல உப்புத்தண்ணியில கொட்டுவோம்ல, அடியில தங்குறதுதான் வெதை. மிதக்குறது பதரு." சிரித்தான். "நான் பதருங்களா?"

ரிஃப்கா அவன் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். உள்பக்கம் வெளுத்திருந்தது. நகங்கள் நடுவில் குழிந்திருந்தன. செருப்பில்லாத கால்களில் விரல் இடுக்கெல்லாம் பழைய சேற்றுப்புண் தழும்பு. காலம் பூராவும் வயலில் வெறுங்காலோடு நின்றவன். பாதத்தின் வழியே ஏறிய கொக்கிப்புழு குடலில் உட்கார்ந்து அவன் ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்ல அவளுக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை.

பெரிய படிப்பும் இருந்தது. நோய்க்குறியியலில் எம்.டி. முடித்துவிட்டு, தஞ்சாவூரில் இந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் ஒரு வருட ஃபெல்லோஷிப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தாள். யாரிடம் எடுக்கலாம், யாரிடம் எடுக்கக் கூடாது, எடுத்ததை யாருக்கு ஏற்றலாம் என்பதுதான் பயிற்சி. ரத்தம் கொடுக்க வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. செல்லதுரையிடமும் கேட்டிருந்தாள்.

"உங்களை யாரும் வற்புறுத்தி அனுப்பலையே?"

"அக்காவுக்குத்தானங்க," என்று சொல்லியிருந்தான்.

அக்கா என்றது மாடியில் கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் படுத்திருந்த பிரகதாம்பாளை. அவள் புருஷன் துரைராசு மன்னார்குடிப் பக்கம் நிலபுலம் உள்ளவர். மூன்று பை ரத்தத்துக்கு ஈடாக மூன்று பேர் கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும், வேனில் மூன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். உறவுமுறை என்ன என்று கவுண்டரில் கேட்டபோது, "மூணு பேரும் தம்பிங்கதான்" என்றார். மற்ற இரண்டு தம்பிகளும் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் மாம்பழ ஜூஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

"உங்ககிட்ட எடுக்க முடியாது," என்றாள் ரிஃப்கா. "எடுத்தா மயங்கி விழுந்துடுவீங்க. பூச்சிக்கும் சத்துக்கும் மாத்திரை தர்றேன். மூணு மாசத்துல தேறிடலாம்."

செல்லதுரையின் சிரிப்பு போய்விட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"டாக்டரம்மா, எடுத்துடுங்க. விழுந்தா விழுறேன்."

"சொந்த அக்காவுக்குக்கூட யாரும் இப்படிக் கெஞ்ச மாட்டாங்க."

"அக்காவாவது ஒண்ணாவது. அவுங்க வயல்ல வேலை பாக்குறவன் நான். அந்த வூட்டு வாசப்படி தாண்டுனதில்ல. ஐயா என்னைப் பேரு சொல்லிக் கூப்புட்டே கேட்டதில்ல, 'ஏய்'தான். இன்னைக்குத் தம்பிங்கிறாரு. எனக்கே சிரிப்பு வந்துருச்சு."

பிறகு விஷயத்தைச் சொன்னான். துரைராசுவின் மகன் குவைத்தில் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கிறவன். மூன்று விசா வைத்திருக்கிறான். அம்மாவுக்கு ரத்தம் கொடுக்கிற மூன்று பேருக்கு அந்த மூன்றும். "ரெண்டு வருசமா ஆத்துல தண்ணி இல்ல. குறுவையும் போச்சு, சம்பாவும் போச்சு. எலி புடிச்சுத் திங்கலாம்னா எலியும் இல்லீங்க, அதுக்கும் நெல்லு வேணும்ல."

"மாத்திரை சாப்பிட்டுட்டு அப்புறம் போலாமே."

"விசா மூணு மாசம் நிக்குமாங்க?"

ரிஃப்காவுக்குப் பதில் தெரியும். கூத்தாநல்லூர்க்காரி அவள். அவளுடைய அத்தா இருபது வருஷமாக சபுரில், அதாவது வெளிநாட்டில், அதே குவைத்தில், ஒரு ஹோட்டலில் சமைக்கிறார். முதல் தடவை விசாவுக்கான மெடிக்கலில் 'அன்ஃபிட்' என்று திருப்பி அனுப்பியபோது, அவர் பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், பெருநாள் தொழுகைக்குக்கூட எழவில்லை. அடுத்த வருஷம் 'ஃபிட்' என்று குத்திக் கொடுத்தார்கள். அந்த ஒரு முத்திரையில் வந்ததுதான் அவள் படிப்பு, இந்த வெள்ளைக் கோட்டு எல்லாம்.

"அப்ப ஒண்ணு செய்யுங்க," என்று குரலைத் தாழ்த்தினான் செல்லதுரை. "எடுக்க வேணாம். ஊசிய மட்டும் ஒரு குத்து குத்தி, பிளாஸ்திரி ஒட்டி அனுப்பிடுங்க."

அவளுடைய சீஃப், டாக்டர் ராஜராஜன், சேர்ந்த முதல் வாரமே இதைச் சொல்லிக் கொடுத்திருந்தார். ஒருத்தரை வேண்டாம் என்று திருப்பினால், அவரோடு வந்தவர்களிடம் உண்மைக் காரணத்தைச் சொல்லாதே. காய்ச்சல் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார் என்று ஏதாவது சொல். எடுக்காததற்குப் பொய்க்காரணம் சொல்லலாம். எடுக்காத ரத்தத்தை எடுத்ததாக மட்டும் சொல்லக் கூடாது.

ரிஃப்கா பஞ்சை எடுத்தாள். அவன் முழங்கை மடிப்பில் வைத்து, மேலே பிளாஸ்திரியை ஒட்டினாள்.

"குத்தலீங்களா?"

"தேவையில்லாம ஒருத்தர் உடம்புல ஊசி ஏத்த மாட்டேன். கையை மடக்கி வச்சுக்குங்க. யாரு பார்க்கப் போறா?"

தான் ரொம்பப் பெரிய தப்பு செய்யவில்லை என்று தனக்கே சொல்லிக்கொள்ள, குத்தாத அந்த ஊசி உதவியது. ஸ்டாக்கில் பை இருக்கிறது, நோயாளிக்கு ஆபத்தில்லை. சீஃப்பிடம் சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

செல்லதுரை கையை மடக்கிக்கொண்டு வெளியே போய் ஜூஸ் வாங்கிக் குடித்தான். துரைராசு உள்ளே தலையை நீட்டினார்.

"மூணு பேரும் முடிச்சாச்சா? ஒரு விஷயம் டாக்டர். இந்தப் பசங்க ரத்தத்த எங்க வீட்டம்மாவுக்கு ஏத்திடாதீங்க. வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க. அவங்களுக்கு நல்ல எடத்து ரத்தமாப் பார்த்து ஏத்துங்க."

"தம்பிங்கன்னீங்களே?"

"அது கவுண்டருக்குச் சொன்னதும்மா," என்றார் சாதாரணமாக.

பையின் மேல் குரூப்பும் நம்பரும்தான் இருக்கும், இடம் எல்லாம் எழுதியிருக்காது என்று அவள் சொன்னாள். அவருக்கு அது பிடிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கவுண்டரிலிருந்து டெக்னீஷியன் குரல் கொடுத்தான். "பிரகதாம்பாள் அட்டெண்டர் யாருங்க? ரெண்டு பைதான் வந்திருக்கு. இன்னும் ஒரு ஆள் அனுப்புங்க."

ரிஃப்கா எழுந்து வெளியே வருவதற்குள் துரைராசு பெஞ்சுக்குப் போய்விட்டிருந்தார். மூவரின் கைகளையும் பார்த்தார். முதல் இரண்டு பேரின் பஞ்சிலும் சிவப்பாக ஒரு பொட்டு. செல்லதுரை கையை இன்னும் மடக்கிப் பிடித்திருந்தான்.

"நீட்டுடா."

நீட்டினான். துரைராசு பிளாஸ்திரியை ஒரே இழுப்பில் பிய்த்தார். ரோமம் நாலு கூட வந்தது. பஞ்சு வெள்ளையாகக் கீழே விழுந்தது. தோலில் ஒன்றும் இல்லை.

"குத்தவே இல்ல! ஜூஸு மட்டும் குடிச்சிருக்கான் நாயி!"

"நான்தான் ஒட்டினேன்," என்றாள் ரிஃப்கா. "அவருக்கு ரத்தம் கம்மி. அவர் மேல தப்பில்ல."

"நீங்க படிச்சவங்க, எதையோ நெனச்சுச் செஞ்சிருப்பீங்க. இவனுக்கு எங்க போச்சு புத்தி? இங்கயே ஏமாத்துறவன் அங்க போயி எம்மவன் பேரையா காப்பாத்துவான்?" மற்ற இருவர் பக்கம் திரும்பினார். "ஒருத்தன் வண்டியோட ஊருக்குப் போயி வேற ஆளக் கூட்டியா. ஒரு விசான்னா பத்து பேரு ஓடிவருவானுங்க."

செல்லதுரை குனிந்து பஞ்சையும் பிளாஸ்திரியையும் பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டான். அவன் கூட வந்த இரண்டு பேரும் அவன் முகத்தைப் பார்க்காமல் ஜூஸ் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரிஃப்கா மாத்திரையை வாசல்வரை கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"இத முழுங்கினா துளி முங்குமாங்க?"

"முங்கும்."

தலையாட்டினான். படி இறங்கிப் போனவன் நின்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குத் தேவலை.

"குத்தியிருக்கலாம்ங்க நீங்க," என்றான்.

சாயங்காலம் சீஃப்பிடம் அவளாகவே போய்ச் சொன்னாள். ராஜராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொய்யும் சொல்லிட்டே, அதையும் பாதிதான் சொன்னே. நாளைக்குப் பேசுவோம். இப்ப ஆள் வந்தாச்சாம், போய்ப் பாரு."

வந்தவனுக்கு இருபது வயதிருக்கும். வேனில் வந்த காற்றில் தலை கலைந்திருந்தது. விரலை நீட்டினான். ரிஃப்கா குத்தி, துளியை விட்டாள். அது நின்று யோசிக்காமல் நேரே பாட்டிலின் அடிக்குப் போனது.

"பாஸுங்களா?"

அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள். "உங்களை யாரும் வற்புறுத்தி அனுப்பலையே?"

அவன் கதவுப்பக்கம் பார்த்தான். துரைராசு அங்கேதான் நின்றிருந்தார்.

"அக்காவுக்குத்தானங்க," என்றான்.