மேஸ்திரியின் சாவி

திங்கட்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு மென்பொருள் பிரிவின் தொலைபேசி அடித்தது. அது சாதாரணமாக அடிக்காது. நோயாளிகளின் வீடுகளுக்குச் செவிலியர்களை அனுப்பும் நிறுவனம் அது. அழைப்புகளை எடுக்கக் கீழ்த்தளத்தில் தனி அறை உண்டு. அங்கே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தால்தான் அழைப்பு மேலே வரும்.

அவன் எடுத்தான்.

“சிஸ்டர் இன்னும் வரலீங்க,” என்றது ஒரு பெண் குரல். “எங்க அப்பா கால நீட்டி வெச்சுட்டு உக்காந்திருக்காரு. பழைய கட்டை அவரே பிரிச்சுட்டாரு. சிஸ்டருக்கு நேரம் மிச்சமாகட்டும்னு.”

“அப்பா பேரு சொல்லுங்க.”

சொன்னாள். திரையில் அந்தப் பெயர் இல்லை. அந்தப் பகுதியில் அன்றைக்கு ஒரு பெயருமே இல்லை. செவிலியர்கள் போக வேண்டிய வீடுகளின் இடம் முழுவதும் வெள்ளையாக இருந்தது.

“இப்ப வந்துடுவாங்கம்மா,” என்றான்.

“புண்ணு திறந்தே இருக்குங்க. ஈ மொய்க்குது.”

“வந்துடுவாங்க.”

வைத்ததும் மறுபடி அடித்தது.

பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்டெடுக்க மதியமாகிவிட்டது. யார் அழித்தது என்று பார்க்க அவ்வளவு நேரம் ஆகவில்லை. யார் எப்போது நுழைந்தார்கள் என்று சர்வர் குறித்துவைக்கும் லாகை மேனேஜர் எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். வெளியிலிருந்து வந்த இணைப்பு. சோதனைப் பதிவுகளைத் துடைக்கும் ஸ்கிரிப்ட், சோதனை சர்வரில் ஓடாமல் நிஜ சர்வரில் ஓடியிருக்கிறது. ஓட்டியவர் பெயர் என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மேஸ்திரியின் பெயரைப் படித்தார்.

மேஸ்திரி என்பது பட்டப்பெயர். பிரிவில் யாருடைய கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் அவள்தான் கட்டி எழுப்புவாள். “பூசற கரணை ஒண்ணுதான் கையில இல்ல,” என்பாள் அவளே.

“மேஸ்திரியே செவுத்த இடிச்சா எப்படி?” என்றான் பின்வரிசையில் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். காலையில் தொலைபேசியை எடுத்த அவனும் சிரித்தான். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான். ஞாயிற்றுக்கிழமை அவனும் அதே ஸ்கிரிப்டை ஓட்டியிருந்தான். அழித்தது தானாக இருக்குமோ என்று காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தான். பெயரைக் கேட்டதும் அந்தப் பயம் போனது.

“நான் இல்ல சார்,” என்றாள் மேஸ்திரி. “நேத்து நான் வீட்டுலயே இல்ல.”

“உங்கள நான் ஒண்ணும் சொல்லலம்மா. ஆனா ரூல் இருக்குல்ல? விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் உங்க சாவிய ரத்து பண்றேன்.”

சாவி என்று அவர்கள் சொல்வது ஒரு சின்னக் கோப்பு. அதை வைத்திருப்பவரை அதற்குரிய பெயரில் சர்வர் உள்ளே விடும். கையில் வைத்திருப்பது யார் என்று சர்வர் கேட்பதில்லை.

அவன் தன் நாற்காலிக்குப் போனான். சட்டைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்துச் சொருகினான். நிரல் எழுதும் எடிட்டர் திறந்தது. வண்ணங்கள் வந்தன. பாதியில் விட்ட வரி பாதியிலேயே நின்றது. சர்வரைக் கூப்பிட்டான்.

அனுமதி இல்லை என்றது திரை. அதற்குக் கீழே மேஸ்திரியின் பெயர்.

நாலு மணிக்கே கிளம்பிவிடுவதால் அவனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. நாலு மணி. மனைவிக்கு மருந்துக்கடையில் மாலை ஷிப்ட். மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர அவனை விட்டால் ஆளில்லை. மீதி வேலையை வீட்டில் செய்வதாக மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய அனுமதி அது.

அனுமதி கிடைத்த பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருப்பது வீட்டில் இருக்காது. வீட்டில் நிறுவியதன் பதிப்பு வேறாக இருக்கும். ஆபீஸில் ஓடிய நிரல் வீட்டில் முறைக்கும். மகளைச் சாப்பிட வைத்துவிட்டு உட்கார்ந்தால், காணாமல் போனவற்றைத் தேடுவதிலேயே மாலை தீர்ந்துவிடும்.

மேஸ்திரியிடம் இதற்கு ஒரு வழி இருந்தது. எடிட்டர், அதன் அமைப்புகள், மொழிக் கருவிகள், ஸ்கிரிப்டுகள், சாவி எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு ஒரு பென்டிரைவில் வைத்திருந்தாள். எந்தக் கம்ப்யூட்டரில் சொருகினாலும் அப்படியே எழுந்து நிற்கும். எங்கே விட்டோமோ அங்கேயே திறக்கும். அவன் படும் பாட்டைப் பார்த்துவிட்டு அதை அவனுக்கும் ஒரு நகல் எடுத்துக் கொடுத்தாள்.

“இந்தா. உன் கடைய மூட்டை கட்டியாச்சு. எங்க வேணாலும் விரிச்சுக்கோ.”

“ரொம்ப தேங்க்ஸ் மேஸ்திரி.”

“தேங்க்ஸ அப்புறம் சொல்லு. உள்ள இருக்கறது என் சாவி. இன்னைக்கு ஓட்டிக்கோ. நாளைக்கு உன் பேர்ல ஒண்ணு செஞ்சு மாத்திடு. ரெண்டு நிமிஷ வேலை.”

ரெண்டு நிமிஷ வேலை என்பதால்தான் செய்யாமல் இருந்தான். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுவதில் கைவைக்க அவனுக்குப் பயம். லாகில் யார் பெயர் விழுகிறது என்று யாரும் பார்க்கவில்லை. எதுவும் உடையாதவரை யார் பார்க்கப் போகிறார்கள்?

வெள்ளிக்கிழமை கடைசியாக ஒரு புகாரைப் பார்க்க நிஜ சர்வருக்குள் போயிருந்தான். நாலு மணி ஆனதும் பென்டிரைவை உருவிக்கொண்டு ஓடினான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அதைச் சொருகியபோது, விட்ட இடத்திலேயே, நிஜ சர்வரிலேயே, அது திறந்திருக்கிறது. மகள் எதிரில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். “இன்னும் எவ்ளோ நேரம்பா?” என்றாள். “இதோ, ஒரே ஒரு தட்டு,” என்று சொல்லித் தட்டினான். பிறகு இருவரும் பூங்காவுக்குப் போனார்கள்.

அனுமதி மறுத்த திரையை அவன் மூடினான். யாரும் பார்க்கவில்லை.

எழுந்து மேனேஜர் அறைப்பக்கம் போனான். கதவு சாத்தியிருந்தது. தட்ட வேண்டியதுதான். குடிதண்ணீர் மெஷினில் ஒரு தம்ளர் பிடித்துக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தான். பிறகு, அத்தனை நாளாகச் செய்யாததைச் செய்தான். தன் பெயரில் ஒரு சாவி செய்து பதிந்தான். பென்டிரைவில் இருந்த மேஸ்திரியின் சாவியை அழித்தான். குப்பைத் தொட்டியையும் காலி செய்தான். உண்மையிலேயே இரண்டு நிமிடம்தான் ஆனது.

இனி அவனாகச் சொன்னால்தான் உண்டு. வெளியிலிருந்து வரும் இணைப்புகள் எல்லாம் நிறுவனத்தின் ஒரே வாசல் வழியாகத்தான் நுழையும். லாகில் அந்த வாசலின் முகவரி மட்டும் இருந்தது. யாருடைய வீடு என்று அதில் இல்லை.

மறுநாள் மேஸ்திரிக்கு வேலை எதுவும் இல்லை. உள்ளே போக முடியாதவளுக்கு யார் என்ன வேலை கொடுப்பார்கள்? பழைய வயர்களைப் பிரித்துச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள். அவன் டீ வாங்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

“என்ன நாலு மணி, அதிசயமா இருக்கு? கவனிப்பெல்லாம் பலமா இருக்கே.”

“சும்மாதான்.”

அவள் டீயைக் கையில் எடுத்தாள். குடிக்கவில்லை. “யாருன்னு கண்டுபிடிச்சுட்டேன்,” என்றாள்.

யாராவது கேட்கிறார்களா என்று அவன் சுற்றிலும் பார்த்தான்.

“என் தம்பிதான். முந்தாநேத்து நான் வாடகைக்கு வீடு பாக்கப் போயிருந்தேன். பென்டிரைவ் கம்ப்யூட்டர்லயே சொருகி இருந்துச்சு. துரை நாள் பூரா அதுலதான் உக்காந்திருப்பாரு. கேட்டா வேலை தேடறாராம். துடைக்கிற ஸ்கிரிப்டுக்கு நானே ஒரு பட்டன் வேற வெச்சிருக்கேன், ஒரு தட்டுல முடியட்டும்னு. கேம்னு நெனச்சு அமுக்கியிருப்பான்.”

“அவர் என்ன சொல்றாரு?”

“தொடவே இல்லங்கறான். அம்மா மேல சத்தியங்கறான்.” டீயைக் கீழே வைத்தாள். “அம்மா உயிரோட இருந்திருந்தா உன்ன ஏன் என் தலையில கட்டிட்டுப் போறாங்கன்னு கேட்டுட்டேன்.”

வயர் ஒன்றை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள். பாதி சுற்றியதைப் பிரித்துவிட்டு மறுபடி சுற்றினாள்.

“பைய எடுத்துட்டுக் கிளம்பிட்டான். எவனோ ஃப்ரெண்டு ரூம்ல இருக்கான் போல. நான் கூப்பிட்டா கட் பண்றான்.”

“வந்துடுவாரு,” என்றான்.

“வரட்டும். வந்து ஒத்துக்கட்டும். பண்ணினதுகூடப் பெருசில்ல. என் மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்றான் பாரு, அதான்.”

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

வீட்டில் மனைவி ஷிப்ட் முடிந்து வந்தபோது அவன் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். மகள் தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

“ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?”

சொன்னான். கால் புண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்த பெரியவரிலிருந்து ஆரம்பித்தான். குப்பைத் தொட்டியைக் காலி செய்ததைச் சொல்லி, மேஸ்திரியின் தம்பி பையை எடுத்துக்கொண்டு கிளம்பியது வரை வந்தபோது அவன் குரல் இறங்கிவிட்டது.

“அந்தப் பெரியவருக்குக் கட்டுப் போட்டாங்களா?”

“சாயங்காலம் போட்டாங்க.”

“கண்டுபிடிக்க முடியுமா?”

“முடியாது.” பதில் உடனே வந்துவிட்டது. ஏற்கெனவே பல தடவை யோசித்து வைத்திருந்த பதில் என்பது அவளுக்கும் புரிந்திருக்கும்.

“சொன்னா?”

“வீட்டுலேருந்து வேலை பாக்கறத நிறுத்திடுவாங்க. நாலு மணிக்குக் கிளம்பறதும் போச்சு.”

அவள் கைப்பையைக் கழற்றவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்குக் காலை ஷிப்ட் குடுங்கன்னு ஒரு வருஷமா நானும் கேக்கறேன். அந்தக் கடைக்காரன் காதுலயே வாங்க மாட்டேங்கறான்.”

“அதனாலதான் யோசிக்கறேன்.”

“அதனாலயா?”

அவன் மூடிய கம்ப்யூட்டரைத் தள்ளி வைத்தான்.

“சொல்லுங்கன்னு நான் சொன்னா, பொண்டாட்டி சொல்லித்தான் சொன்னேன்னு ஆயிடும். சொல்லாதீங்கன்னாலும் அதேதான். ஆள விடுங்க, நான் வாயே திறக்கல,” என்று சமையலறைக்குப் போனாள். பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. பிறகு உள்ளிருந்தே, “அந்தப் பையன் சாப்பிட்டானோ என்னவோ,” என்றாள்.

காலையில் ஆபீஸுக்குப் போனதும் மேஸ்திரியைப் பிரிண்டர் அறைக்குக் கூப்பிட்டான். அங்கே யாரும் வர மாட்டார்கள். காகிதக் கட்டுகளும் ஒரு பழுதான பிரிண்டரும் மட்டும் இருந்தன.

“உங்க தம்பி இல்ல மேஸ்திரி. நான்தான்.”

“எது நீ?”

“சாவிய மாத்தவே இல்ல. உங்க சாவியிலதான் இத்தனை நாளும் ஓட்டினேன். ஞாயித்துக்கிழமை அழிச்சது நான்.”

அவள் முகத்தில் கோபம் வரவில்லை. வேலை நேரத்தில் வரும் அந்தச் சுருக்கம்தான் நெற்றியில் விழுந்தது. “நிஜ சர்வருக்கு எப்படிப் போச்சு?”

“வெள்ளிக்கிழமை அதுல விட்டுட்டுக் கிளம்பிட்டேன். அங்கயே திறந்துடுச்சு. பாக்காம தட்டிட்டேன்.”

“அங்கயே திறக்கும். நான் அப்படித்தான் செஞ்சு வெச்சேன்.” தலையசைத்தாள். ஒரு கணக்கு சரியாக வந்ததுபோல இருந்தது. பிறகு முகம் மெல்ல மாறியது. “எப்பத் தெரிஞ்சுது?”

“திங்கட்கிழமையே.”

“மேனேஜர் படிச்சப்ப நீயும் சிரிச்ச.”

“அப்பத் தெரியாது மேஸ்திரி. சத்தியமா. அதுக்கப்புறம்தான்.”

“டீ வாங்கிக் குடுத்தியே, அப்ப?”

அவன் தரையைப் பார்த்தான்.

“அவன் பண்ணினான்னு நான் சொன்னப்ப கேட்டுக்கிட்டு உக்காந்திருந்த. வந்துடுவாருன்ன.”

“இப்பவே மேனேஜர்கிட்டப் போறேன். எல்லாத்தையும் சொல்லிடறேன். என்ன ஆனாலும் ஆகட்டும்.”

“மேனேஜர் எங்கயும் ஓடிப் போக மாட்டாரு. ஃபோன எடு.”

“மேஸ்திரி…”

“எடுடா. என் நம்பரப் பாத்தா அவன் எடுக்க மாட்டான். உன்னுதுலேருந்து போடு.”

எண்ணைச் சொன்னாள். பார்க்காமலே சொன்னாள். அவன் விரல் ஒருமுறை தவறியது. அழித்துவிட்டு மறுபடி அழுத்தினான். மேஸ்திரி அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பழுதான பிரிண்டரின் தட்டைத் திறந்தாள். மூடினாள். அதன் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

மணி போய்க்கொண்டே இருந்தது. கட் ஆகப் போகிறது என்று நினைத்தபோது எடுக்கப்பட்டது. பின்னால் தெருச் சத்தம்.

“ஹலோ?”

“நான் உங்க அக்கா ஆபீஸ்லேருந்து பேசறேன். ஞாயித்துக்கிழமை ஆபீஸ்ல ஒண்ணு அழிஞ்சு போச்சுல்ல, அத அழிச்சது நான்தான். நீங்க இல்ல. உங்க அக்காகிட்ட இப்பத்தான் சொன்னேன். முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

அந்தப் பக்கம் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போனது. 

“நான் இல்லன்னு எனக்குத் தெரியும் சார்,” என்றான் தம்பி. “அவ பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருக்காளா?”