முன்னுக்குப் போனவள்

"அவனை உள்ளுக்கு விடாதை," என்று இரத்தினசிங்கம் மகள் சிவானியிடம் சொல்லி முடிப்பதற்குள், சப்ரி சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெள்ளவத்தை மலர்ச்சாலைக்குள் வந்துவிட்டான். பின்னால், ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் மலைக்குக் கூட்டிப்போகிற கூட்டம்.

சவப்பெட்டிக்குள் இரத்தினசிங்கத்தின் மனைவி சிவக்கொழுந்து கிடந்தாள்; அவளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. விடிய வான் வண்டியில் போய், மலையேறி, பொழுதுபட வீட்டுக்கு வந்துவிடுகிற பயணங்கள் அவை. "நீங்களும் வாங்கோவன்," என்று ஒவ்வொரு முறையும் புருஷனைக் கேட்பாள். "அங்க என்ன கிடக்கு? கல்லு. கல்லைக் காட்ட ஒருத்தன், பாக்க ஒரு கூட்டம்!" என்பார் இவர். முந்தநாள் கடுகண்ணாவை ஊர்ப் பக்கத்து மலையில், ஏற்றத்தின் நடுவில் உட்கார்ந்தவள் எழும்பவில்லை. இருதயம் என்றார்கள். பெரிய டாக்டர் சொன்னாலும் சும்மா நம்புகிற ஆளில்லை இரத்தினசிங்கம். முழங்கால் நோவோடு நடப்பவள். இளந்தாரிகள் விறுவிறென்று ஏறியிருப்பார்கள். இவள் பின்தங்கி, கூப்பிட ஒரு ஆளில்லாமல் தனியே செத்திருப்பாள். இரண்டு இரவும் அந்த ஒன்றுதான் அவரைப் படுக்கவிடவில்லை.

"டேய், இங்க வா. அவளைக் கடைசியில விட்டிட்டுத்தானே போனனீங்கள்? மறைக்காமல் சொல்லு."

"அப்பா, சனம் பாக்குது."

"பாக்கட்டும்."

சப்ரி குனிந்த தலையை நிமிர்த்தினான். "இல்ல அங்கிள். மெதுவா நடக்கிற ஆளத்தான் எனக்கு அடுத்ததா முன்னுக்கு வெப்போம். அவங்கட நடைக்குத்தான் மத்த எல்லாரும் வரணும். ஒத்தரும் முந்த ஏலா. ஆன்டி எப்பவும் முன்னுக்குத்தான்."

"பொய்."

"வல்லாஹி, அங்கிள். ஆன்டி உக்காந்ததும் எல்லாரும் நிண்டுட்டோம். என்ட கையப் புடிச்சிட்டு, 'எல்லாரையும் மறிச்சுப்போட்டன் என்ன தம்பி' எண்டு சிரிச்சாங்க. அதுக்குப் பொறகு கதைக்கல்ல."

இரத்தினசிங்கம் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பிடித்த கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டியை மூடப்போவதாக மலர்ச்சாலைக்காரர் வந்து சொன்னார். பூப்போட வரிசை கூடியது. இரத்தினசிங்கம் முதல் ஆளாகப் போய்ப் பூவைப் போட்டார். போட்டவர் நகரவில்லை. மூடியைத் தூக்கி வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அப்பா, கொஞ்சம் தள்ளுங்கோ. ஆக்கள் நிக்கினம்."

வரிசையில் நின்ற சப்ரி பின்னால் திரும்பிக் கையை உயர்த்தினான். மலையேறுகிறவர்கள் அப்படியே நின்றார்கள். அவர்களைப் பார்த்து மற்றச் சனமும் நின்றது. வெளியே காலி வீதியில் பஸ் ஒன்று விடாமல் ஹோர்ன் அடித்தது.

கிழவர் பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார். அவருக்கு முன்னால் ஒருவரும் இல்லை.