காயக் கூடாத தாள்கள்

கொடியிலிருந்து முதல் கிளிப்பைக் கழற்றும்போதே யோகராணிக்குத் தெரிந்துவிட்டது. தாள் அப்பளம் போல் மொரமொரத்தது.

கிளேட்டனில் அன்று காலையிலிருந்தே அனல்காற்று. பன்னிரண்டு தாள்களும் கணவர் ஆர்வோவின் சட்டைகளுக்கு நடுவே படபடத்தன. ஆர்வோ விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தார். இரண்டு இரவு பக்கத்திலேயே இருந்துவிட்டு வந்தவள், கூடத்துச் செட்டியில் சாய்ந்து ஒரு மணி நேரம் கண்ணயர்ந்ததுதான் குற்றம்.

"பிரிஜ் முழுக்க ஈரக் கடதாசியக்கா," என்றாள் பத்மா, குசினி வாசலில் நின்று. அடுத்த தெருவிலிருந்து புட்டும் சொதியும் கொண்டு வந்தவள். "சட்டி வைக்க இடமில்லை. பூஞ்சணம் பிடிச்சிடுமெண்டு நான்தான் கொடியில போட்டனான்."

"நல்லது பத்மா."

யோகராணி தாள்களையெல்லாம் கழற்றி, உள்ளே மேசையில் கொண்டுபோய் வைத்தாள். ஆர்வோ பின்லாந்துக்காரர், இங்கே பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தவர், வீட்டில் ஜப்பான்காரரைப் போலப் பலகை செதுக்கிப் படம் அச்சிடுவார். ஒரு நிறத்துக்கு ஒரு பலகை. கடைசி நிறம் ஏறும்வரை தாள் ஈரமாகவே இருக்க வேண்டும். காய்ந்தால் சுருங்கிவிடும், அடுத்த நிறம் கோட்டுக்குள் போய் உட்காராது. அதனால் வெயில் காலத்தில் தாள்களுக்குப் பிரிஜ்தான் வீடு. முட்டை வைக்க இடமில்லையென்று பதினோரு வருடமாக யோகராணி சண்டை பிடித்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அம்புலன்ஸில் ஏறும்போதும் அவர் சொன்னது தாள்களைப் பற்றித்தான். "தாளை பிரிஜ்ஜில் வை ராணி. வந்து சேலையை முடிக்கிறேன்."

பத்மா ஒரு தாளைத் தூக்கிப் பார்த்தாள். படத்தில், ஜன்னலோரக் கதிரையில், இரவு வேலை முடிந்து வந்து அப்படியே உறங்கிப்போன யோகராணி. முகம், கதிரை, திரைச்சீலை எல்லாவற்றுக்கும் நிறம் ஏறியிருந்தது. சேலை மட்டும் வெறுந்தாள்.

"இப்பிடியே இருக்கட்டுமக்கா. வெள்ளைச் சீலையும் வடிவாத்தான்..."

பத்மா பாதியில் நிறுத்திக்கொண்டாள். கையிலிருந்த தாளை மெல்ல மேசையில் வைத்தாள்.

யோகராணி குசினிக்குள் போனாள். அரிசிமா டின்னைத் திறந்து, சின்னச் சட்டியில் தண்ணீர் ஊற்றினாள்.

"ஐயோ அக்கா! செத்தவீட்டில அடுப்பு மூட்டக் கூடாது. பசிச்சா நான் கொண்டு வாறன்தானே?"

"தின்ன இல்லை பத்மா. மைக்குப் பசை. கிளறுறது எப்பவும் நான்தான்."

"இண்டைக்கு வேண்டாமே. வெள்ளிக்கிழமை எல்லாம் முடியட்டும்."

"வெள்ளிக்கிழமைக்கு அவரோட பெட்டிக்குள்ள ஒண்டு வைக்க வேணும்." நெருப்புக்குச்சி மூன்றாவது தரம்தான் பற்றியது. "வெள்ளையா வைக்க ஏலாது."

பத்மா உள்ளே வந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள். "தாங்கோ. நிக்கவே ஏலாமல் நிக்கிறியள்."

யோகராணி தாள்களைத் தூரிகையால் நனைத்து, பழைய பேப்பருக்கு நடுவே அடுக்கிவைத்தாள். அவர் கரைத்துவைத்திருந்த பச்சையைப் பசையோடு குழைத்துச் சேலைக்கான பலகையில் தடவினாள். மூலையிலிருந்த சின்ன வெட்டுக்குள் தாளின் முனையைப் பொருத்தி, மூங்கிலோலை சுற்றிய வட்டத் தட்டால் தாளின் முதுகில் தேய்த்தாள். அவருக்கு ஒரு நிமிட வேலை. அவளுக்குத் தோள் விட்டுப்போயிற்று.

"சரியா வந்திட்டுதே?" என்றாள் பத்மா.

தாளை உரித்துத் திருப்பினாள். சேலை பச்சையாகியிருந்தது. கோட்டை விட்டு ஒரு நூல் தள்ளி, பச்சை கதிரையின் கைப்பிடியில் ஏறியிருந்தது. இடது தோளோரம் மெல்லியதாய் ஒரு வெள்ளை மிஞ்சியிருந்தது.

யோகராணி அடுத்த தாளை எடுத்தாள்.