லேபிள் நனையக் கூடாது

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் அடர் கந்தக அமிலத்தை நீங்கள் தைரியமாகக் குடிக்கலாம். போர் தண்ணீர்தான். லேசாக உப்புக் கரிக்கும், வேறொன்றும் செய்யாது.

பி.எட். படிக்க வருகிறவர்களுக்கு வேதியியல் பாடம் நடத்தக் கற்றுக்கொடுப்பது என் வேலை. அமில பாட்டில்களில் தண்ணீர் பிடித்து வைத்தவனும் நான்தான். மயில்துத்தத்துக்குப் பதில் வேட்டிக்குப் போடும் சொட்டு நீலம். தாளாளர் அய்யனாரின் ஏற்பாடு அது.

"இன்ஸ்பெக்சனுக்கு வர்றவங்க இன்னா, மோந்தா பாக்கப் போறாங்க? பாட்டில் இருந்தா சரி. பொம்பளப் புள்ளைங்க மேல கீல ஊத்திக்கினா யாரு பதில் சொல்றது? தண்ணின்னா சேப்டி சார்," என்றார்.

சேப்டியாம். நானும் தலையாட்டினேன்.

லேபிள்கள் நான் இங்க் பேனாவால் எழுதி ஒட்டியவை. ஒரு சொட்டு வழிந்தாலும் எழுத்து கரைந்துவிடும். அதனால் ஊற்றி முடித்ததும் பாட்டில் கழுத்தைத் துடைத்துத்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தேன். துணி கிடையாது. பெண்கள் முந்தானையால் துடைப்பார்கள். யாராவது மறந்தால், "தொடைம்மா, லேபிள் நனையுது" என்று கத்துவேன். வருடம் முழுக்க நான் உருப்படியாகக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றைத்தான்.

ஆயம்மாள் ஒருநாளும் மறந்ததில்லை. கல்வராயன் மலையில் கரியாலூருக்கு அப்பால் அவள் ஊர். அவள் படித்த மலைப்பள்ளியில் வேதியியலுக்கு ஆளில்லாமல் தமிழாசிரியர்தான் அந்தப் பாடத்தையும் பார்த்துக்கொண்டார். பி.எட். முடித்து அங்கேயே வாத்தியாராகப் போக வேண்டும் என்பது அவளுடைய ஒரே எண்ணம். பயிற்சி வகுப்புக்கும் அந்தப் பள்ளியையே கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

சர்க்கரையில் கந்தக அமிலம் ஊற்றும் சோதனையை அவள் எங்களிடம் ஏழெட்டு முறை செய்திருந்தாள். எங்கள் அமிலத்தில் சர்பத்துதான் கிடைக்கும். "கறுத்துப் பொங்கிடுச்சின்னு நெனச்சிக்கினு விளக்கும்மா" என்பேன். அவளும் நினைத்துக்கொண்டு விளக்குவாள்.

ஓடு ஒழுகும் அந்தப் பள்ளியில் அமிலம் மட்டும் நிஜமாக இருந்தது.

சர்க்கரை கறுத்து, புகைந்து, பீக்கரை விட்டு மேலே எழுந்து வந்ததாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கத்தியிருக்கிறார்கள். அவர்களைவிட அதிகம் அதிசயப்பட்டவள் ஆயம்மாள்தான். முதல்முறையாகப் பார்க்கிறாள் அல்லவா? அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க, கை தன் பழக்கத்துக்குப் பாட்டில் கழுத்தை முந்தானையால் துடைத்தது. அதே முந்தானையால் முகத்து வியர்வையையும் துடைத்துக்கொண்டாள்.

ஒரு பெண் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியதால் கண் முழுதாகப் போகவில்லை. இடது கன்னம் வெந்துபோனது. இடது கண்ணுக்கு எதிரில் இருப்பவர்கள் நிழலாகத்தான் தெரிகிறார்கள்.

இரண்டு மாதம் கழித்து விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். எங்கள் ஆய்வகத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். முதுகுக்குப் பின்னால் அலமாரியில் என் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒருவரும் திரும்பி ஒரு மூடியைத் திறக்கவில்லை. ஆயம்மாளுக்குச் சான்றிதழ் தருவதா, பயிற்சியை ரத்து செய்வதா என்பதுதான் பேச்சு.

மூவரில் பெரியவர் அவள் ரெக்கார்டு நோட்டைப் பிரித்துப் படித்தார். "அமிலம் தோலிலும் துணியிலும் படக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும்." ஆயம்மாளின் குண்டு குண்டான கையெழுத்து. கீழே சிவப்பு மையில் என் கையெழுத்து. எங்களிடம் ஒரு கண்ணாடிகூடக் கிடையாது.

"இதெல்லாம் சொல்லிக் குடுத்தீங்களா சார்?"

அய்யனார் என்னைப் பார்த்தார். "குடுத்தேன்" என்றேன்.

"அப்புறம் ஏம்மா சேலையால தொடைச்ச?"

ஆயம்மாள் என் பக்கம் திரும்பினாள். வலது கண் நன்றாகத் தெரிய வேண்டும் என்று முகத்தைச் சாய்த்து வைத்துப் பார்த்தாள். நான் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பழக்கம்ங்க" என்றாள்.

"எங்க பழகின?"

"வூட்லதாங்க. அடுப்புலேர்ந்து சட்டி எறக்கி எறக்கி."

'பயிற்சி மாணவியின் கவனக்குறைவு' என்று எழுதிக்கொண்டார்கள். பயிற்சி ரத்து. அய்யனார் அவர்களை டிபன் சாப்பிட அழைத்துப் போனார்.

ஆய்வகத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"ஏம்மா பொய் சொன்ன?" என்று கேட்டேன். கேட்க எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை.

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன் சார். நீங்க வாயத் தொறக்கல. நான் சொன்னா மலக்காரி புளுகுறான்னு எழுதியிருப்பாங்க. அதுக்கு இதே மேலு."

சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து அந்தக் கந்தக அமில பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

நான் பின்னால் துள்ளி, நாற்காலியில் இடித்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றேன். என் கையால் குழாயில் பிடித்த தண்ணீர் அது. தெரிந்தும் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டேன்.

"தண்ணிதான சார்" என்றாள்.

உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, வெந்த கன்னத்தில் தடவிக்கொண்டாள். பிறகு மூடியைப் போட்டு, முந்தானையால் பாட்டில் கழுத்தைச் சுற்றித் துடைத்து, லேபிள் முன்பக்கம் தெரியும்படி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.

ஓர் எழுத்துகூடக் கரையவில்லை.