நான் போகாத எடத்துல என் கையெழுத்து

காலையில ஒம்போதரைக்கு விஜயகுமார் போன் பண்ணப்போ நான் தோசக்கல்லுல எண்ணெ தடவிக்கினு இருந்தேன். விஜயகுமார் எங்க ஒயர்மேன். எட்டு வருஷமா கூட இருக்கறவன், லேசுல பதறமாட்டான். அன்னிக்கு அவன் குரலே சரியில்ல.

"அக்கா, அண்ணன் போன் எடுக்கல. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல பழைய பிளாஸ்டிக் கழுவற கம்பெனிக்கு வேலை செஞ்சோமே, அதுக்கு இன்னிக்கு பதினோரு மணிக்கு கரண்ட் லைன் குடுக்கறாங்களாம்."

"குடுக்கட்டும். அதுக்கு இன்னா இப்போ?"

"எர்த் குழியில இருந்து மிஷினுக்கு இரும்புப் பட்டை இழுக்கவே இல்லக்கா. மறுநாள் வந்து இழுக்கறேன்னு சொல்லிட்டு வந்தேன். அதுக்குள்ள ஓனரு தரை முழுக்க கான்கிரீட் போட்டு மூடிட்டாரு. ரிப்போர்ட் மட்டும் எப்பிடியோ கரண்ட் ஆபீசுக்குப் போயிருக்குது."

எப்பிடியோவாம்! எப்பிடின்னு எனக்குத் தெரியாதா? அதுல இருக்கறது என் கையெழுத்து.

தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். எங்க ஊட்டுக்காரரு ஷாகிர் பொன்னேரியில கடை வச்சிருக்கற எலக்ட்ரிகல் கான்ட்ராக்டர். லைசென்ஸ் வேணும்னா சர்ட்டிபிகேட் வச்சிருக்கற சூப்பர்வைசர் ஒருத்தர் கான்ட்ராக்டர்கிட்ட வேலையில இருக்கணும். அந்த சூப்பர்வைசர் நான்தான், நஜ்மா. டிப்ளமா முடிச்சி, நானே படிச்சி வாங்கின சர்ட்டிபிகேட்டு. கல்யாணத்துக்கு அப்புறம் அது கடைக்குப் போச்சி, நான் அடுப்படிக்குப் போனேன். ஒரு எடத்துல வேலை முடிஞ்சா சூப்பர்வைசர் நேர்ல போய் எர்த்தை அளந்து, ஒயரை அளந்து, ரிப்போர்ட்டுல எழுதி கையெழுத்துப் போடணும். நாங்க இன்னா பண்ணுவோம்? வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி அவரு ஒண்ணும் எழுதாத ரிப்போர்ட் பாரம் ஒரு கட்டு கொண்டாந்து வைப்பாரு. நான் டிவி பாத்துக்கினே கையெழுத்துப் போட்டுத் தள்ளுவேன். நம்பரெல்லாம் கடையில நெரப்பிக்குவாங்க. ரிப்போர்ட் ரெடியான்னு கேக்கறதுக்கு ஆளுங்க இருந்தாங்க. அளந்தியான்னு ஒருத்தரும் என்னை இதுவரைக்கும் கேட்டதில்ல.

தோசை கருகற வாசனை வந்துச்சி. நான் அடுப்பைக்கூட அணைக்காம அப்பிடியே நின்னுக்கினு இருந்தேன். பிளாஸ்டிக் கழுவற எடம். தரையெல்லாம் தண்ணி. வெறுங்காலோட பொம்பளைங்க நிப்பாங்க. மிஷின் பாடியில கரண்ட் எறங்கினா அது போறதுக்கு வேற வழியே கெடையாது, அவங்க ஒடம்பு வழியாத்தான் போவும். அடுப்பை அணைச்சிட்டு நம்பரைத் தேடினேன்.

ஓனர் ஜெரால்டுக்கு போட்டேன், எடுக்கல. ஷாகிருக்கு விடாம போட்டேன். அவரு லைசென்ஸ் புதுப்பிக்க கிண்டி ஆபீசுல வரிசையில நின்னுக்கினு இருந்தாரு. விஷயத்தைச் சொன்னதும் குரலைத் தாழ்த்தினாரு.

"நஜ்மா, இன்னிக்கு வாயைத் தொறக்காத. பைல் இப்பதான் டேபிளுக்குப் போயிருக்குது. நாளைக்கு விஜயகுமாரை அனுப்பி சரி பண்ணிடலாம்."

"இன்னாங்க பேசறீங்க? பதினோரு மணிக்கு தண்ணியில நிக்கறவங்களுக்கு நாளைக்கு பட்டை இழுப்பீங்களா?"

"உன் சர்ட்டிபிகேட்டும் போவும், என் லைசென்சும் போவும். ஜெயில்ல போடுவாங்கடி. யோசிச்சிப் பாரு."

யோசிக்காம இருக்க முடியுமா? ஸ்கூட்டியில கவரப்பேட்டை தாண்டற வரைக்கும் அதைத்தான் யோசிச்சேன். போலீஸ் ஜீப்பு, பேப்பர்ல போட்டோ, மாமியா ஊட்டு வாசல்ல நாலு பேரு. பக்கத்துல லாரி ஒண்ணு ஆரன் அடிச்சதுல வண்டி ஓரமாப் போயிடுச்சி. திரும்பிப் போயிடலாம்டி நஜ்மான்னு ஒரு மனசு சொல்லிச்சி. வழியில கடையில எடுத்துக்கின மெக்கர், ஒயரையும் எர்த்தையும் அளக்கற டெஸ்டர், பையில கெடந்துச்சி. அதைக் கையில தொட்டு எட்டு வருஷம் ஆச்சி.

நான் உள்ள நுழையும்போது மணி பத்து அம்பது. ஷெட்டுல பத்துப் பன்னெண்டு பொம்பளைங்க, நெனச்ச மாதிரியே வெறுங்காலு, தரையில கணுக்கால் நனையற அளவுக்குத் தண்ணி. அவங்களுக்கு மேஸ்திரி கெங்கம்மாள், ஆந்திரா பார்டர்காரங்க, மிஷின் மேல கையை ஊனிக்கினு "ஆன் பண்ணு நைனா, எத்தினி நேரம் நிக்கறது"ன்னு சிரிச்சிக்கினு இருந்தாங்க. பேனல்கிட்ட கரண்ட் ஆபீஸ் இன்ஜினீயர் ரங்கசாமி. பக்கத்துல ஜெரால்டு.

"ஜெரால்டு சார், நான் சூப்பர்வைசர் நஜ்மா. லைன் குடுக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தபா அளந்து பாத்துடலாம்." சாதாரணமா சொல்றாப்ல சொல்லிப் பாத்தேன்.

ஜெரால்டு சிரிச்சாரு. பைல்ல இருந்து ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினாரு. "பதினாலாம் தேதி நீங்களே வந்து அளந்து எழுதியிருக்கீங்க மேடம். பாயிண்ட் எட்டு ஓம். இதோ உங்க கையெழுத்து. இதுக்கு மேல இன்னா அளக்கப் போறீங்க?"

பதினாலாம் தேதி நான் பழவேற்காட்டுல ஒரு கல்யாணத்துல பிரியாணி சாப்ட்டுக்கினு இருந்தேன்.

"மேடம்," ரங்கசாமி வாட்சைப் பாத்தாரு, "நீங்க சைன் பண்ணின ரிப்போர்ட்டை வச்சித்தான் நான் வந்திருக்கேன். இன்னும் மூணு எடத்துக்குப் போவணும். ஏதாவது இருந்தா சொல்லுங்க, இல்லன்னா ஒதுங்கிக்கோங்க." அவரு கை மெயின் சுவிட்ச் பக்கம் போச்சி.

கெங்கம்மாள் மிஷின் மேல இருந்து கையை எடுக்கல. யா அல்லா, அந்தக் கையைப் பாத்ததும் எனக்கு ஒண்ணுமே ஓடல.

"போடாதீங்க சார்!" கத்திட்டேன். "நான் வரவே இல்ல. அளக்கவே இல்ல. வெத்து பாரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். அந்த பாயிண்ட் எட்டு பொய்யி. மிஷினுக்கு எர்த்தே கெடையாது. எல்லாரும் தண்ணியை விட்டு வெளிய வாங்க! அம்மா, நீங்க மொதல்ல மிஷின்ல இருந்து கையை எடுங்க!"

கெங்கம்மாள் கையை எடுத்துட்டாங்க, பொம்பளைங்க தண்ணியை விட்டு வெளிய ஓடினாங்க. ஜெரால்டு மூஞ்சி செவந்துடுச்சி. "இன்னா பொம்பள நீ, பேஜாரு பண்றதுக்குன்னே வந்தியா?"ன்னு எகிறினாரு. ரங்கசாமி அவரைக் கையால தடுத்துட்டு, "அளங்க"ன்னாரு, அவ்ளோதான்.

டெஸ்டர் கிளிப்பை மாட்டினேன். எர்த் குழிக்கும் மிஷினுக்கும் தொடர்பே இல்ல. அது எனக்குத் தெரியும். தெரியாதது அடுத்ததா வந்துச்சி. மோட்டார் ஒயரை வச்சி மெக்கரைச் சுத்தினேன், முள்ளு சைபரை விட்டு அசையல. ஜெரால்டு தடா ஊர்ப் பக்கத்துல செகண்ட் ஹேண்டா வாங்கின மோட்டாராம், உள்ள ஒயரு தோலு உரிஞ்சி பாடியில ஒட்டிக்கினு இருந்துச்சி. ரங்கசாமி மெயினை ஏத்தியிருந்தா மிஷின் மொத்தமும் கரண்டா நின்னிருக்கும். அவரு தன் கையையே பாத்துக்கினாரு. நான் அங்கயே குந்திட்டேன்.

கொஞ்ச நேரம் கழிச்சி அவரு ஒரு வெள்ளைப் பேப்பரும் பேனாவும் கொண்டாந்து குடுத்தாரு. "இப்பிடி வேற எங்கெல்லாம் போட்டுக் குடுத்தீங்க? ஞாபகம் இருக்கறதை எழுதுங்க."

அப்பதான் எனக்கு நெஜமான பயம் வந்துச்சி. ஜெயிலு பயமெல்லாம் அதுக்கு முன்னாடி ஒரு பயமா? எட்டு வருஷம். எத்தினி வெள்ளிக்கிழமை, எத்தினி கட்டு. செவ்வாப்பேட்டை பேக்கரி, பொதட்டூர்பேட்டை தறிக் கொட்டா, கடையில பேசும்போது காதுல விழுந்த பேரையெல்லாம் எழுதினேன். பேப்பர் நெறைஞ்சி பின்பக்கம் திருப்பினேன். அந்த எடத்துல எல்லாம் இந்த நிமிஷம் கரண்ட் ஓடிக்கினு இருக்குது.

கெங்கம்மாள் பக்கத்துல வந்து குந்தினாங்க. "எனக்குப் படிக்க வராது தாயி. திருப்பாச்சூர்ல ஒரு ஊறுகா கம்பெனி, அது இதுல இருக்குதா பாரு. எம் பொண்ணு தமிழ்செல்வி அங்கதான் பாட்டில் கழுவறா."

நான் பேப்பரைப் பாக்கவே தேவையில்ல. மூணாவதா எழுதினதே அதுதான்.

"போன் போடுங்கம்மா, வெளிய வரச் சொல்லுங்க."

"உள்ள போன் எடுத்துக்கினு போவ உடமாட்டாங்களே. கேட்டுலயே வாங்கி வச்சிக்குவாங்க." சொல்லிக்கினே என் மணிக்கட்டைப் புடிச்சாங்க. ஈரக் கை, வலிக்கிற அளவுக்குப் புடிச்சாங்க.

ஊறுகா கம்பெனி நம்பரை கடையில கேட்டு வாங்கிப் போட்டேன். ரெண்டாவது தபாதான் ஒருத்தர் எடுத்தாரு.

"சார், மெயினை எறக்குங்க. எல்லாரையும் தண்ணியில இருந்து வெளிய வரச் சொல்லுங்க."

"யாரும்மா நீ?"

"உங்க எர்த் ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்ட சூப்பர்வைசர் நஜ்மா. நான் அங்க வந்ததே இல்ல சார்."

போனை கெங்கம்மாளும் நானும் காதுல சேத்து வச்சிக்கினு இருந்தோம். அந்தப் பக்கம் பாட்டிலுங்க ஒண்ணோட ஒண்ணு இடிச்சிக்கினு மிஷின் ஓடற சத்தம் கேட்டுச்சி. அது நிக்கல.