கயிறு கட்டிய பந்து

1

இந்தக் கதை பிறந்த இடம் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு. உயர்ந்த இலக்கியம் பிறக்கிற இடமல்ல என்று தெரியும். காலையில் ரோஜாப்பூவோடு வணக்கம், மத்தியானம் தண்ணீர் லாரிச் சண்டை, சாயங்காலம் சங்கச் செயலாளர் ஜெயராமனின் மூன்று பத்தி அறிவிப்பு. சென்னைப் புறநகரான நூம்பலில் நூற்று நாற்பது வீடுகள் உள்ள எங்கள் வளாகத்தில் ‘பந்து விளையாடக் கூடாது’ என்று ஆறு இடத்தில் பலகை வைத்தவர் அவர்தான். பள்ளி விளையாட்டு விழாவில் பந்து வந்ததும் எங்கள் பிள்ளைகள் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டதை வீடியோவில் பார்த்துப் பதறியவரும் அவர்தான். உடனே ஒரு தீர்மானம்: பிள்ளைகளுக்குப் பந்து எறியவும் பிடிக்கவும் கற்றுத்தர ஆள் வேண்டும். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவதில் நாங்கள் கெட்டிக்காரர்கள்.

2

முதல் வரிக்கு மூன்று முயற்சி.

‘நூம்பல் வீதியில் மாலை வெயில் பொன்னாக உருகி’ (நிறுத்திவிட்டேன். அங்கே மாலையில் பொன் நிறத்தில் இருப்பது லாரி கிளப்பும் புழுதி.)

‘கிருஷ்ணப்பிரியாவின் கண்களில் ஒரு சோகம்’ (சோகமெல்லாம் இல்லை, பசிதான். கேட்டருகே நின்று இரண்டு சமோசா தின்றாள்.)

‘கிருஷ்ணப்பிரியா குமணன்சாவடியிலிருந்து ஸ்கூட்டியில் வந்தாள்.’ இது இருக்கட்டும். பொய் இல்லாத வரி.

3

அவளுக்கு இருபத்தாறு வயது. மாவட்ட த்ரோபால் அணியில் ஆடியவள்.*

(* த்ரோபாலில் பந்தைப் பிடித்த மூன்று நொடிக்குள் திருப்பி எறிய வேண்டும். கையில் வைத்துக்கொண்டு யோசிக்க முடியாது. எங்கள் கமிட்டியை அந்த ஆட்டத்தில் சேர்க்கவே மாட்டார்கள்.)

கதைக்கு உதவுமே என்று அவளுக்கு ஒரு குடிகார அப்பாவைக் கொடுக்கப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவள் அப்பா பரந்தாமன் சொந்த வீட்டின் மாடியை வாடகைக்கு விட்டுவிட்டுத் தெம்பாக இருக்கிறார். இந்த வேலை போனால் அவள் பட்டினி கிடக்கப் போவதில்லை. ஆனால் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவதைத் தவிர வேறு வேலைக்குப் போக அவளுக்கு இஷ்டமில்லை. இந்தப் பக்கத்து வளாகங்களின் செயலாளர்களுக்கெல்லாம் தனியாக ஒரு குழு உண்டு. இங்கே பெயர் கெட்டால் ஐயப்பன்தாங்கல் வரைக்கும் ஒருவரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். அவள் பயந்தது அதற்குத்தான்.

4

முதல் நாளே ஜெயராமன் ஒரு சாக்கு மூட்டையோடு வந்தார். உள்ளே பதினோரு பந்துகள். ஒவ்வொன்றிலும் ஐந்தடி நைலான் கயிறு, கயிற்றின் மறுமுனையைப் பிள்ளையின் மணிக்கட்டில் கட்ட ஒரு பட்டை.

“இன்னா சார் இது? கன்னுக்குட்டிய கட்றாப்ல கீது,” என்றாள் கிருஷ்ணப்பிரியா.

“பார்க்கிங்ல எண்பது கார் நிக்குதும்மா. பந்து கார் பக்கம் போகக் கூடாது. கமிட்டில முடிவு பண்ணி மினிட்ஸ்ல ஏத்தியாச்சு.”

“கயித்தோட எறிஞ்சா எதிர்ல இருக்கறவங்களுக்கு எப்டி சார் போய்ச் சேரும்?”

“அது உங்க டிபார்ட்மெண்ட்.”

நான்கு வாரம் அவள் அந்தக் கயிற்றோடு மாரடித்தாள். முழங்கையை மடக்கு, விரலை விரி, பந்து வந்ததும் நெஞ்சுப் பக்கம் இழுத்துக்கொள், கண்ணைப் பந்தை விட்டு எடுக்காதே. சொன்னதெல்லாம் சரிதான், கேட்கத்தான் ஆளில்லை. எறிந்த பந்து பாதி வழியில் துள்ளி விழும், பிள்ளைகள் கயிற்றைச் சுருட்டுவார்கள். பந்தைப் பார்க்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லாமல் போனது. கிணற்றில் தண்ணீர் இறைக்கச் சொல்லியிருந்தால் பிரமாதமாக இறைத்திருப்பார்கள். பெற்றோர்கள் பால்கனியில் நின்று அதைப் படம் பிடித்தார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கயிறுகளைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

5

ஜெயராமனின் மகள் பவ்யாவுக்கு ஏழு வயது. ஐந்தாவது வாரம் அவள்தான் கேட்டாள்.

“அக்கா, கயிறு இல்லன்னா பந்து எப்படித் திரும்பி வரும்?”

“எதிர்ல ஒருத்தர் நின்னா வரும்.”

பவ்யா அதை நம்பவில்லை. ஏழு வருடம் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு இது தெரியவில்லை என்பதை கிருஷ்ணப்பிரியாவால் தாங்க முடியவில்லை. பட்டையை அவிழ்த்தாள். கார்களுக்கு முதுகு காட்டி அவள் நின்றுகொண்டாள். பந்து தப்பினால் தன் மேல் படட்டும் என்ற கணக்கு. மெதுவாக எறிந்தாள். பவ்யா கண்ணை மூடினாள். பந்து தோளில் பட்டு உருண்டது.

“வலிச்சுதா?”

“இல்ல.”

“அப்ப இன்னாத்துக்கு கண்ண மூடினுகீற? பந்தப் பாரு.”

ஒன்பது தடவை மூடினாள். பத்தாவது தடவை கண்ணைத் திறந்தபடியே பிடித்தாள். பிடித்த கைகளை அவளே ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு, வாழ்நாளில் முதல் தடவையாக, முழுப் பலத்தோடு திருப்பி எறிந்தாள். பந்து கிருஷ்ணப்பிரியாவின் தலைக்கு மேலே போய், பின்னால் நின்ற வெள்ளைக் காரின் பக்கக் கண்ணாடியில் மோதியது. நல்ல எறிதல். அதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை. பால்கனிகளிலிருந்து படம் பிடித்தவர்கள் ஓடிவந்தார்கள். கண்ணாடியில் ஒரு விரிசல். ஐந்தே நிமிடத்தில் விரிசலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுக் குழுவில் படம் வந்துவிட்டது. எறிந்தது யார் என்று படத்தின் கீழே எழுதவில்லை. ‘பயிற்சியாளரின் பொறுப்பின்மை’ என்று மட்டும் ஜெயராமன் எழுதினார். நாற்பத்திரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். ஞாயிறு பதினோரு மணிக்கு அவளை நிறுத்துவதற்குக் கூட்டம்.

6

சில முடிவுகள் கைவசம் உண்டு.

(அ) கூட்டத்தில் கிருஷ்ணப்பிரியா எழுந்து குழந்தைகளின் சுதந்திரம் பற்றிப் பேச, ஜெயராமன் கண் கலங்கி (அடச்சே.)

(ஆ) பவ்யா மேடையேறி “அக்கா தப்பு பண்ணல” என்று சொல்ல (ஏழு வயதுக் குழந்தையின் தலையில் பெரியவர்கள் சுமையை ஏற்றுவதும் ஒரு பிழைப்பா.)

(இ) பந்து ஆகாயத்தில் இருக்கிறது, வாசகரே, பிடியுங்கள். (இதை எழுத நினைத்த விரலை வெட்ட வேண்டும்.)

7

அந்த வெள்ளைக் கார் என்னுடையது.

விரிசலும் என்னுடையதுதான். முந்தின வாரம் குமணன்சாவடி திருப்பத்தில் ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறு கையில் போனுமாக, ஜெயராமனின் பாதுகாப்பு அறிவிப்பைப் படித்துக்கொண்டே ஒரு ஷேர் ஆட்டோவில் உரசினேன். போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டமாட்டேன் என்று மனைவி சரசாவிடம் சத்தியம் செய்து அப்போது பத்து நாள்கூட ஆகவில்லை. அதனால் அவளிடம் சொல்லவில்லை. பந்து பட்டதும் எனக்குள் எழுந்தது நிம்மதி. வெட்கமாக இருக்கிறது, ஆனால் நிம்மதிதான்.

அன்று ஓடிவந்தவர்கள் கலைந்த பிறகு கிருஷ்ணப்பிரியா கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தாள்.

“சார், இது பழைய விரிசல். உள்ள தூசி அடைஞ்சு கீது பாருங்க.”

பார்த்தேன். இருந்தது.

“கமிட்டி பாத்துக்கும்மா,” என்றேன்.

அவள் கண்ணாடியிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு பந்துகளை எண்ணிச் சாக்கில் போட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

இன்று சனிக்கிழமை, நாளைக்குக் கூட்டம். முடிவை உங்களிடம் விட்டுவிடலாம்தான். ஆனால் நீங்களும் இப்படி ஒரு குழுவில் இருப்பீர்கள். என்னைத் திட்டி முடித்த கையோடு அங்கே போய்க் கட்டைவிரலைத் தூக்குவீர்கள். ஆகவே முடிவை உங்களிடம் தரமாட்டேன். குழுவில் ஒரே ஒரு வரி எழுதினால் அவள் பெயர் தப்பும். அதை எழுதாமல் ஏழு பகுதி எழுதியிருக்கிறேன், அடிக்குறிப்பு வேறு. சரசா என் கதைகளைப் படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதையும் எழுதினேன்.