ஓரகத்தி கையில் தின்ற கிளி

சனோபரின் கிளிக்கு மார்பில் இறகே இல்லை. சாம்பல் நிறத் தலை, சிவப்பு வால், நடுவில் மட்டும் உரித்த கோழி. யாரும் பிடுங்கவில்லை, அதுவே தன் அலகால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டது. மர்கிலான் ஊரில் அவள் தெருவுக்கு வந்தவர்கள் எல்லாம் கூண்டைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். அந்த உச்சு ஒவ்வொன்றும் தன்னைக் குற்றம் சொல்வதாகவே சனோபருக்குத் தோன்றும்.

பக்கத்து நகரமான பெர்கானாவில் இருந்த பறவை மருத்துவர் அம்மாள் கிளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சீக்கு ஒண்ணும் இல்ல. என்ன போடறீங்க?" என்று கேட்டார்.

"சூரியகாந்தி விதைங்க. வேற எதையும் தொடாது."

"வருஷக்கணக்கா அதையே தின்னா உடம்பு என்னத்துக்கு ஆகும்? பொழுதும் போகாம பிடுங்குது. விதையை ஒரேயடியா நிறுத்திடாதீங்க. கூடவே பச்சைக் காய், பழம், கீரை வைங்க. முதல்ல தூக்கித்தான் எறியும். விட்டுடாதீங்க."

சனோபர் விடவில்லை. புலாவுக்கு அரிவது போலக் கேரட்டை மெல்லிசாக அரிந்து வைத்தாள். பூசணியை வேகவைத்தும் வைத்தாள், வேகவைக்காமலும் வைத்தாள். குடைமிளகாயை நூலில் கோத்துத் தொங்கவிட்டாள். வைத்துவிட்டுக் கூண்டை ஒட்டி நின்று, "தின்னுடா மிர்ஸா, தின்னுடா கண்ணு" என்று கெஞ்சினாள். மிர்ஸா ஒவ்வொரு துண்டாக எடுத்து, அவள் முகத்தைப் பார்த்தபடியே கீழே போட்டது.

அந்த நிலையில்தான் மஸ்தூரா முள்ளங்கி தின்றாள்.

மஸ்தூரா அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. போன வசந்தத்தில்தான் கல்யாணமாகி வந்தாள். வந்த கொஞ்ச நாளிலேயே புலாவ் அண்டா அவள் கைக்குப் போனது. மாமியார் விருந்தாளிகளிடம் "எங்க சின்ன மருமக" என்று ஆரம்பித்தால் பேச்சு பெரிய மருமகள்வரை வந்து சேரவே சேராது. சனோபரின் மகள் நிகினாகூடத் தலை பின்னிக்கொள்ளச் சித்தியிடம்தான் ஓடினாள். இத்தனையையும் சனோபர் பல்லைக் கடித்துப் பொறுத்திருந்தாள்.

அன்று மஸ்தூரா திராட்சைப் பந்தலின் கீழ் இருந்த அகலக் கட்டிலில் உட்கார்ந்து, கூண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முள்ளங்கியைச் சீவிச் சீவித் தின்றபடி நிகினாவோடு கதையடித்துக்கொண்டிருந்தாள். மிர்ஸா கம்பியைப் பிடித்துத் தொங்கி, கழுத்தை நீட்டி, நாக்கைச் சொடுக்கியது. அவள் திரும்பாமலே ஒரு துண்டை நீட்டினாள். மிர்ஸா வாங்கிக் காலில் பிடித்துக்கொண்டு கடித்தது. கடித்ததை விழுங்கியது.

"அக்கா! ஓடி வாங்க! உங்க மிர்ஸா முள்ளங்கி திங்கறான்!"

சமையலறை ஜன்னலில் நின்றிருந்த சனோபர் ஏற்கெனவே பார்த்துவிட்டாள். மாமியார் வெளியே வந்து, "உனக்குக் கைராசிடி மஸ்தூரா" என்றாள். சனோபர் ஜன்னல் கதவைப் படாரென்று சாத்தினாள்.

மறுநாள் காலையில் கூண்டு சனோபரின் அறைக்குள் போய்விட்டது.

"ஏன்க்கா உள்ள வச்சுட்டீங்க?"

"வெளிக்காத்து ஆகாதாம். டாக்டர் சொன்னாங்க."

"காத்தும் வெயிலும் நல்லதுன்னுல்ல சொன்னாங்கன்னீங்க?"

"அது அப்போ."

அறைக்குள் மிர்ஸா காயைத் தொடவில்லை. இறகைத்தான் தொட்டது. ஒருநாள் பெருக்கும்போது துடைப்பத்தில் வந்த இறகின் அடியில் ரத்தம் இருந்தது. சனோபர் அதை முக்காட்டு மறைவில் அள்ளிக்கொண்டாள். ஆனால் அவள் புருஷன் ஹைதர் பார்த்துவிட்டான்.

"வெளியதான் வையேன். மஸ்தூரா குடுத்தா தின்னுதுல்ல? அவளே குடுக்கட்டும்."

"எல்லாத்தையும் அவளே குடுக்கட்டும். உங்களுக்குச் சோறும் அவளே போடட்டும்!"

"நல்லாருக்கே கதை. அதோட சீக்கு உனக்கும் ஒட்டிக்கிச்சா? பார்த்துடி, தலைமுடியப் பிடுங்கிக்காத."

அவன் சிரித்துக்கொண்டே போனான். அவள் சிரிக்கவில்லை.

அந்த வாரம் மஸ்தூரா தன் தம்பி கல்யாணத்துக்காகக் கோகந்துக்குத் தாய்வீடு போனாள். அவள் ஏறிய வண்டி தெருமுனை திரும்பியதுமே சனோபர் கூண்டைத் தூக்கிவந்து பந்தலின் கீழ் வைத்தாள். முலாம்பழம் அரிந்தாள். மாதுளையை உதிர்த்தாள். முள்ளங்கிக் கீரையை ஈரத்தோடு கம்பியில் செருகினாள். மஸ்தூரா உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மிர்ஸா தட்டைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. பிறகு சிரித்தது.

மஸ்தூராவின் சிரிப்பு அது. முதலில் கலகலவென்று ஓடி, கடைசியில் விக்கல் போல ஒன்று வருமே, அதுவும் பிசகாமல். நிகினா உள்ளேயிருந்து, "சித்தி வந்துட்டாங்களா?" என்று ஓடி வந்தாள்.

"உள்ள போடி!" என்று கத்தினாள் சனோபர்.

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "உனக்கும் அவதான் வேணுமா? முட்டை ஓட்டு வாசம் போகாத வயசுல இருந்து ராத்திரி பகலா பார்த்தவ நான். நேத்து வந்தவ சிரிப்பு உனக்கு இனிக்குதா? தின்ன வேண்டாம் போ. உனக்குன்னு அரிஞ்சதை நானே தின்னுக்கறேன்!"

தட்டைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கூண்டுக்கு முதுகைக் காட்டினாள். ஆத்திரத்தில் முலாம்பழத்தை வாய் நிறையத் திணித்தாள். சாறு முகவாயில் வழிந்தது. மாதுளையைப் பிடி பிடியாக அள்ளி நறநறவென்று மென்றாள். யாருக்கும் கொடுக்கக் கூடாது என்ற வெறியோடு, காலையிலிருந்து பட்டினி கிடந்தவள் போலத் தின்றாள்.

பின்னால் நாக்குச் சொடுக்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. கம்பி கடகடவென்று ஆடியது. அப்போதும் திரும்பவில்லை. பிறகு தோளுக்குப் பக்கத்தில் அவள் முக்காட்டின் ஓரத்தை ஏதோ பிடித்து இழுத்தது.

பாதி தின்ற முலாம்பழத் துண்டைத் தோளுக்கு மேலாக நீட்டினாள். மிர்ஸா அதை அவள் விரலிலிருந்து வாங்கிக்கொண்டது. கீழே விழும் சத்தம் வரவில்லை. மெல்லும் ஓசை மட்டும் வந்துகொண்டிருந்தது.

மூன்று வாரம் கழித்து மஸ்தூரா திரும்பி வந்தபோது மிர்ஸா கீரைக்குக் குரல் கொடுக்கப் பழகியிருந்தது. வெற்று மார்பில் சாம்பல் பூத்தது போலப் பஞ்சு முளைத்திருந்தது. பயணத் துணிகூட மாற்றாமல் அவள் கூண்டருகே ஓடி ஒரு மாதுளை முத்தை நீட்டினாள். மிர்ஸா அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்து, சனோபர் இருந்த பக்கம் போய்த் தொங்கியது.

"என்னை மறந்துட்டான்க்கா" என்றாள் மஸ்தூரா. சிரிக்கப் பார்த்தாள், உதடு கோணிக்கொண்டது.

சனோபருக்கு உள்ளே தேன் ஊறியது. இத்தனை மாதமும் காத்திருந்த முகம் அது. ஆனால் அந்த முகத்தைக் கண்ணாடியில் தினமும் பார்த்தவளும் அவள்தான். தேன் தொண்டை தாண்டுவதற்குள் கசந்துவிட்டது.

"மறக்கல்லாம் இல்ல. நீ இல்லாதப்ப நாள் பூரா உன்னை மாதிரியே சிரிச்சு என் உசிரை வாங்கிச்சு" என்றாள். "நீட்டினா வாங்காது. நீ தின்னு காட்டு. உட்காரு."

இருவரும் கட்டிலில் உட்கார்ந்து ஒரே தட்டில் தின்றார்கள். மிர்ஸா இரண்டு பேர் கையிலிருந்தும் வாங்கிக்கொண்டது. முதலில் யார் கையிலிருந்து வாங்கியது என்பதைச் சனோபர் ஓரக்கண்ணால் பார்த்துவைத்துக்கொண்டாள். மஸ்தூராவும் பார்த்துவைத்துக்கொண்டாள்.